அனுப்பும் காரணம்

குதைபியாவில் மாதத்தின் முதல் வெள்ளி.
டோக்கன் நூற்றுப் பதினேழு.
கண்ணாடியின் அரைவட்ட ஓட்டை வழியே
எண்பத்திரண்டு தினார் உள்ளே வந்தது,
சட்டைப்பையின் சூடு ஆறாமல்.

அட்டையில் பெயர் கோமதிநாயகம்.
ஹித்தில் கப்பல் பட்டறை.
துரு சுரண்டும் வேலை என்பதை
விரல் இடுக்குகளே சொல்லிவிட்டன.

பெறுபவர் யார் என்றேன்.
கைபேசியைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.
"மகளுக்கு ஸ்காலர்ஷிப் மேடம். நாலு லட்சம்.
படிப்பு மொத்தமும் அதுல அடங்கிடும்.
பிராசஸிங் கட்டணம் மட்டும் முன்னாடியே கட்டணுமாம்,
சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

கடிதத்தில் முத்திரை இருந்தது, இரண்டு.
தங்க நிறத்தில் ஒரு கிரீடம்.
மகள் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது.
அறக்கட்டளையின் பெயர் ஒரு முழு வரி நீளம்;
பணம் போக வேண்டியதோ
யாரோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கு.

அந்த ஆளை எனக்குத் தெரியும்.
முகம் தெரியாது,
கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தெரியும்.
போன வாரம் ஒரு கரீம்நகர்க்காரர்.
அதற்கு முன், முஹரக்கில் வீட்டுச் சமையல் செய்யும் ஓர் அம்மா.
இருவருக்கும் நான்தான்
பச்சை ரசீது கிழித்துக் கொடுத்தேன்.

என் திரையில் 'அனுப்பும் காரணம்' என்றொரு கட்டம்.
குடும்பச் செலவு, மருத்துவம், கல்வி, வீட்டுக் கடன்.
மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன்.
ஏமாறுதல் என்று ஒரு வரி
அதில் இல்லை.

"சர்வர் மெதுவா இருக்குண்ணே" என்றேன்.
சர்வர் நன்றாகத்தான் இருந்தது.
"அதுக்குள்ள மகளுக்கு ஒரு போன் போடுங்க.
எந்தத் தேதியில விண்ணப்பிச்சான்னு கேளுங்க.
ஃபாரத்துல வேணும்."

ஸ்பீக்கரில் போட்டார். வரிசை முனகியது.

"நான் எங்கப்பா விண்ணப்பிச்சேன்?
நீங்கதான் அங்கேருந்து யாரையோ பிடிச்சு
போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்.
சொல்லாம செய்றவர சொல்ல வைக்க வேணாம்னு
கேக்கல."

அவள் போட்டதாக அவர் நினைத்திருக்கிறார்.
அவர் போட்டதாக அவள்.
இரண்டு பிரியங்களுக்கு நடுவே கிடந்த
பேசாத இடத்தில்
எவனோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

கோமதிநாயகம் கடிதத்தைப் பெரிதாக்கினார்.
விரல் முட்டியால் திரையைத் தட்டினார்.
ஒருமுறை. இன்னொருமுறை.
கப்பல் தகட்டின் புதுப் பெயிண்டைத் தட்டி
அடியில் பொள்ளல் எங்கே என்று
காது கொடுப்பவரைப் போல.

அப்போது அந்த எண்ணே அழைத்தது.
"சார், இன்னும் பத்தே நிமிஷம்.
அப்புறம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."
நன்றாகப் படித்த குரல்.

"அப்ப ஒண்ணு செய்ங்க தம்பி.
தரப்போற நாலு லட்சத்துலயே
இந்தப் பதினெட்டாயிரத்தைக் கழிச்சுக்கிடுங்க.
மிச்சத்த அனுப்புங்க, போதும்."

மறுமுனையில் ஒரு மூச்சு.
பிறகு ஒன்றுமில்லை.

அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை.
உனக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
என் தம்பி ஜெபாஸ்டின் எழுதாமல் போன செமஸ்டரைச் சொல்லியிருப்பேன்.
அடகில் மூழ்கிய வளையலின் எடையை,
மில்லிகிராம் பிசகாமல்.

ரத்து ஏன் என்று மேலாளர் திரையில் கேட்டார்.
'வாடிக்கையாளர் மனம் மாறினார்' என்று தட்டினேன்.

திருப்பித் தந்த நோட்டுகளை
எச்சில் தொட்டு எண்ணினார், இரண்டு தடவை.
இருபதை மட்டும் பிரித்து
மறுபடி ஓட்டை வழியே தள்ளினார்.
"இத மக கணக்குக்கே போடுங்க.
காரணம் கல்வின்னே இருக்கட்டும்."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்:
"சர்வர் சரியாயிடுச்சா மேடம்?"

"இப்பத்தாண்ணே" என்றேன்.