வினா ஒன்பது: இயங்குகிறதா?

ஹட்டனில் இறங்கும்போதே மழை.
பல்கலைக்கழகக் கடிதத்தைச்
சாப்பாட்டுப் பார்சலோடு சேர்த்துச்
ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டேன்.
நோர்வூட் வரை பஸ்,
பிறகு ஒரு ஓட்டோ,
பிறகு கால்.
மாதிரியில் நாற்பத்திரண்டு பாடசாலைகள்,
இது முப்பத்தெட்டாவது.

அதிபர் அந்தோனிராஜ்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"போன வருஷமும் ஒரு பிள்ள வந்து
இதையேதான் கேட்டுச்சு.
அதுக்கு முடிவு வந்திருச்சா?"
வினாக்கொத்தின்படி
விடை சொல்லவேண்டியவர் அவர்.

வினா ஏழு: தொழினுட்பவியல் ஆய்வுகூடம் உண்டா?
உண்டு. திறந்துவைத்தவர் பெயரோடு கல்லும் உண்டு.
வினா எட்டு: லேத் இயந்திரம்?
உண்டு.
மூலையில், நீலத் தறப்பாள் போர்த்தி,
குளிருக்கு ஒதுங்கிய மாடுபோல.
வினா ஒன்பது: இயங்குகிறதா?
த்ரீ ஃபேஸ் கரண்ட்
கீழே தேயிலை ஃபெக்டரி வரை வந்திருக்கிறது.
அங்கிருந்து இங்கே முந்நூற்றுப் பத்துப் படி.
படியேறக் கரண்டுக்கு
இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

வினா பதினொன்று ஆசிரியர் பற்றியது.
மரியபுஷ்பம் டீச்சர்.
நியமனக் கடிதத்தில் நாடகமும் அரங்கியலும்,
நேரசூசியில் பொறியியல் தொழினுட்பம்.
"வெற்றிடம் எங்க இருந்திச்சோ
அங்க என்னய ஊத்திட்டாங்க."
சிரித்தபடி வகுப்புக்குக் கூட்டிப்போனார்.

தரம் பன்னிரண்டு. பதினோரு பேர்.
டீச்சர் ஒருமுறை கைதட்ட,
எல்லோரும் எழுந்து
இல்லாத கண்ணாடியை மாட்டினார்கள்.
இல்லாத சுவிட்சைப் போட்டார்கள்.
பின்வரிசையில் ஒருத்தன்
தொண்டைக்குள் மோட்டாராக உறுமத் தொடங்கினான்.
விதுர்ஷிகா என்ற பெண்
இடக்கையால் ஒரு சக்கரத்தைக்
கால் மில்லிமீற்றர், இன்னும் கால்,
அவ்வளவு மெதுவாகத் திருப்பினாள்.
வெட்டும் முனையை விட்டு
அவள் கண் அசையவேயில்லை.
முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு
இரும்பு சுருள் சுருளாய் உதிர்ந்தது.

"கிட்ட வராதீங்க மிஸ்,
முந்தானை சுத்திக்கும்."
பின்வாங்கினேன்,
ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து.

வினா பதினேழு:
தொழில் வழிகாட்டலை யாரிடம் பெறுகிறீர்கள்?
ஆசிரியர். ஆலோசகர். நிலையம். மற்றவை.
மற்றவைக்கு நேரே
அரை அங்குலப் புள்ளிக்கோடு.
அதில் நுணுக்கி நுணுக்கி எழுதினார்கள்:
கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கும் மாமா.
கார்மென்ட்ஸ் வேன்காரர்.
பொங்கலுக்கு லீவில் வருபவர்களின் சப்பாத்து.
விதுர்ஷிகா எழுதவில்லை, கேட்டாள்.
"நீங்க செய்ற இந்த வேலைக்கு
என்ன படிக்கணும் மிஸ்?
மாசம் எவ்வளவு குடுப்பாங்க?"
சொன்னேன். மார்ச்சோடு முடிகிறது
என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப லேத்தே பரவாயில்ல."

திரும்பும் பஸ்ஸில் சீட் இல்லை.
யாரோ கொழுந்துப் படங்கை மடித்து
என் காலடியில் வைத்தார்கள்.
வினா ஒன்பதுக்கு
'இல்லை' என்று அடையாளமிட்டிருந்தேன்,
சரியான விடைதான்,
தரவு உள்ளிடும் தம்பி பூச்சியம் அழுத்துவான்.
ஆனாலும் நோர்வூட் தாண்டியும்
ஒரு கையால் கம்பியைப் பிடித்து
மறுகையால்
முந்தானையை இறுக்கிப் பிடித்தபடியே நின்றேன்.