இரண்டாம் மருந்து நாள்

ஆஸ்பத்திரி வீதியில் எங்கள் ஆய்வுகூடம்.
முன்னறையில் பதினொரு கதிரை,
ஒரு தொட்டி, ஐந்து தங்கமீன்.
வெறுவயிற்றோடு வந்த சனம்
இரத்தம் குடுத்த கையை மடித்தபடி
அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாசியில் தொடங்கியது.
வால் அகன்ற பெரியது
கல்லில் விலாவைத் தேய்க்கும். திடீரெனப் பாயும்.
பிறகு குமிழிகளுக்குக் கீழே போய்
செட்டையை ஒடுக்கிக்கொண்டு நிற்கும்.
ஒரு பக்கச் செவுள் மட்டும் அடிக்கும்.

கஸ்தூரியார் வீதி மீன்கடை ஞானச்செல்வம்
போனில் படத்தைப் பார்த்தார்.
"வெள்ளைப்புள்ளி வரப்போகுது. உப்புப் போடும்."
ஆனையிறவு உப்புப் போட்டேன்.
எங்கள் கிணறே உவர் என்பதை
அவரும் யோசிக்கவில்லை, நானும்தான்.
நாலு நாள் தேய்ப்பு நின்றது.
ஐந்தாம் நாள் திரும்ப.
"அப்ப பங்கசு."
நீல மருந்து ஊற்றினோம். தொட்டி மைக்கூடானது.
இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்தது,
நல்ல சகுனம் என்று நினைத்தோம்.
வடிகட்டிக்குள் கிடந்த கரி
மருந்து முழுவதையும் குடித்துவிட்டுச்
சும்மா இருந்தது.
கரண்ட் போன ஓர் இரவில்
சின்னது ஒன்று செத்தது.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்:
தண்ணீரைப் பரிசோதித்தேன்.
அமோனியா இல்லை.
நைத்திரேற்று கொஞ்சம் கூட. எங்கட கிணறுகளில் அது புதினமில்லை.
மிச்சமெல்லாம் நோர்மல்.

அதே சொல்லை அன்று காலை
பாசையூர் லொறன்சியாவிடமும் நீட்டியிருந்தேன்,
மூன்றாம் முறையாக.
சீனி நோர்மல். தைரொயிட் நோர்மல்.
"இரவில கால் ரண்டும் எரியுது தம்பி.
நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கினம்."
ரிப்போட்டைப் பையில் வைத்தவர் எழும்பவில்லை.
தொட்டியைப் பார்த்தபடி இருந்தார்.
"இது எப்பவும் இடப்பக்கத்தாலதான் தேய்க்குது.
செவுளைத் தூக்கிப் பாத்தனீரோ?"

சந்தையில் பாரைமீன் வாங்கும்போது
முதலில் செய்வது அதைத்தானே.
மூன்று மாதம்.
உயிரோடு இருக்கிற மீனில்
எனக்கு அது தோன்றவேயில்லை.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினோம்.
பற்றிமாகரன் ஈரத்துணியில் மீனைப் பிடித்தான்.
செவுள் சிவப்பில்லை,
பலமுறை தோய்த்த சட்டையின் றோஸ்,
மேலே சளி.
கண்ணாடித் துண்டின் ஓரத்தால் ஒரு துளி வழித்து
பகலெல்லாம் சிறுநீர் பார்த்த நுணுக்குக்காட்டியில் வைத்தோம்.

அசைந்தது.
நீண்டது, சுருங்கியது, திரும்ப நீண்டது.
தலையில் நாலு கறுத்தப் புள்ளி.
சோதினை பாசான பெடியள் மாதிரி
இரண்டுபேரும் கத்தினோம்.
துணிக்குள் மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"நாய்க்குக் குடுக்கிற பூச்சிக் குளிசைதான்,
வேறொண்டும் கலக்காததாப் பாத்து எடுங்கோ,"
என்றார் மிருகவைத்தியர் நளாயினி.
எடையும் கணக்கும் எழுதித் தந்தார்.
"கரியை வெளியில எடுங்கோ.
இது பூச்சியைத்தான் கொல்லும். முட்டை கிடக்கும்.
ஒரு கிழமையால, பொரிச்சு வாறதுகளுக்கு இன்னொருக்கா.
சுகம் எண்டு கண்டாலும் போடவேணும்."

மூன்றாம் நாள் இரண்டு செவுளும் அடித்தன.
கலண்டரில் திங்களைச் சுற்றி
சிவப்பு வட்டம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை லொறன்சியா வந்தார், புது வைத்தியரின் துண்டோடு.
"மீன் எப்பிடி?"
"சுகம் போல."
"போல எண்டா?"
"திங்கள் திரும்ப மருந்து."
தலையாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.
துண்டில் இருந்த சோதனை
நாங்கள் இங்கே செய்வதில்லை, கொழும்புக்குப் போகவேண்டும்.
குழாயில் அவர் பெயரை எழுதினேன்.
"இதுவும் நோர்மல் எண்டு வந்தா..."
என்று தொடங்கினேன்.
"வந்தா?" என்றார்,
கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்காமல்.
ஊசிக்கு நரம்பு தேடினேன்.