காப்பு

நாலாம் மாடியில் பிளாஸ்டிக் திராட்சை தொங்குகிறது.
தூசு தட்டிய ஊதா. ஒருநாளும் பழுக்காது.
“திராட்சைத் தோட்டத்தில் மூன்று நாள்” என்று
காலிமுகக் கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்று
போட்ட விளம்பரத்தை
வெட்டி வைத்திருந்தார் குயின்டஸ்.
பதினொரு வருசத்தில் எங்கள் முதல் லீவு.
மன்னார்க் கிளினிக்கின் கதவில்
“திங்கள் வரை பல் பிடுங்கப்படமாட்டாது” என்று
நானே எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

முதல் இரவு ஆட்டுத் தொடை.
அதற்கு முன் ஈரல், அதற்கும் முன்
நெடுக்காய்ப் பிளந்த மாட்டெலும்பு,
உள்ளே இருப்பதைச் சுரண்ட ஒரு மெல்லிய கரண்டி.
என் மேசையிலும் அப்படி ஒன்று உண்டு,
வேறு வேலைக்கு.
“ரத்தம் கொஞ்சம் இருக்கட்டுமா மிஸ்?” என்றான்
பரிமாற வந்த சமிந்து.
இருக்கட்டும் என்றேன்.
எனக்கு அது பழக்கம்.

கை கழுவ அவர் எழும்பிப் போக
பிறஷர்க் குளிசைக்காகப் பையைத் திறந்தேன்.
அடகுச் சீட்டு.
ஒரு சோடிக் காப்பு, இரண்டு பவுண்.
போன செவ்வாய்க்கிழமைத் திகதி.

நாலாய் மடித்து, இருந்த இடத்தில் வைத்தேன்.
வந்து இருந்தார். கிளாசை உயர்த்தினார்.
உயர்த்தினேன்.

அதற்குப் பிறகு நான் தின்றதெல்லாம் தங்கம்.
ஆட்டுத் தொடை அரைக் கிராம்.
ஆர்ஜென்டினாச் சிவப்பு வைன், போத்தல் முக்காற் கிராம்.
அடுத்த பகல் தேன் பூசிய பண்டி விலா,
நக்கிய விரலில் ஒரு மஞ்சாடி.
இரவு மாடு: கத்தி வைக்குமுன் பிரிகிற சதை,
மேலே உருகி வழிகிற வெண்ணெய்,
பக்கத்தில் பன்றிக் கொழுப்பில் வதக்கிய உருளைக்கிழங்கு.
தங்கப்பல் கட்டக் கேட்டு வருகிற கிழவர்களுக்கு
வேண்டாம் ஐயா, வீண் செலவு என்பவள்
கடைவாயில் வைத்து ஆறுதலாய் அரைத்தேன்.
ருசியாய்த்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

விடியப்புறம் அவர் கால் பெருவிரல்
தக்காளியாய் வீங்கிக் கிடந்தது.
“கடல் காத்து” என்றார்.
யூரிக் அசிட் என்றேன்.

மூன்றாம் நாள் போயா.
இறைச்சி இல்லை, குடிவகை இல்லை.
விலா எலும்பு மாதிரியே வெட்டி அடுக்கிய பலாக்காய்.
சமிந்து தேநீர்ப் போச்சியோடு வந்தான்.
இரண்டு கோப்பை, இரண்டு பிரிச்.
“பிளேன் டீ, மிஸ்” என்று
முகத்தில் ஒரு கோடும் அசையாமல்
சிவப்பு வைனை ஊற்றினான்.
சுற்றிவர எல்லா மேசையிலும் அன்று
ஆவி பறக்காத தேநீர்.

“எவ்வளவுக்கு வைச்சனீங்கள்?”

குயின்டஸ் கரண்டியை எடுத்தார்.
சீனி போட்டதுபோல் வைனைக் கலக்கினார்.
வெகுநேரம் கலக்கினார்.
“ஆறு வருசமாய் உமக்குக் கை ஏறாத காப்பு...”
“கேட்டிருக்கலாம்.”
“கேட்டால் வந்திருக்க மாட்டீர்.”
அது உண்மை. அதுதான் எரிந்தது.
“மீட்டுத் தாறன் ஜெசிந்தா.”
“எதை? ஆட்டையோ, பண்டியையோ?”

யார் முதல் சிரித்தது என்று தெரியாது.
பிரிச் கவிழ்ந்து வெள்ளைத் துணியில்
நாடு ஒன்றின் வரைபடம்போல் பரவியது கறை.
சமிந்து ஓடிவந்து உப்புத் தூவினான்.
கோபம் போகவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை.

காலை, கோட்டை ஸ்டேஷன்.
தலைமன்னார் ரயில் இன்னும் வரவில்லை.
ஒற்றைக் காலில் செருப்போடு வாங்கில் இருந்து
கன்னத்தைத் தடவுகிறார்.
முந்தாநாள் இரவிலிருந்து இடப்பக்கமே மெல்லுகிறார்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“ஆ காட்டுங்கோ.”
“இங்கேயா? சனம் பாக்கும்.”
“ஆ.”

கைப்பையில் எப்போதும் பல் நூல் இருக்கும்.
ஆறாம் பல்லுக்கும் ஏழாம் பல்லுக்கும் நடுவில்
அரை அங்குலம், நார்நாராய், மாடு.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
எத்தனை மஞ்சாடி தேறும்?

தண்டவாளத்தில் இறங்கி நின்ற காகம்
தலையைச் சாய்த்துக்கொண்டு
என் கையையே பார்த்தது.