அதில்

கோத்தகிரி ஃபேக்டரி எடைமேடையில்
பதினாறு வருஷமாகக் கழிப்பதுதான் என் வேலை.
சாக்குக்கு இவ்வளவு,
மழை நாளில் இலையோடு வந்த தண்ணீருக்கு இவ்வளவு.
பெள்ளிராஜ் முறைப்பார். முறைக்கட்டும்.
இலை வேறு,
இலைமேல் ஏறி உட்கார்ந்து வந்தது வேறு.

ஆனியில் என் ரத்தத்தை எடை போட்டார்கள்.
ட்ரைகிளிசரைடு என்ற சொல்லை
டாக்டர் இரண்டு முறை வட்டமிட்டார், காகிதம் கிழிய.
அன்றைக்கே போனில் ஓர் ஆப்.
வாய்க்குள் போவதெல்லாம் கிராமில்.

மூன்று வாரம் தப்பாகவே எழுதினேன்.
பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில்
கார்போஹைட்ரேட் எழுபது, கீழே சர்க்கரை இருபத்திநாலு.
கூட்டினேன்.
கொழுப்பு இருபது, கீழே பூரிதக் கொழுப்பு பத்து.
அதையும் கூட்டினேன்.
நூறு கிராம் பிஸ்கட்டுக்குள்
நூற்றி இருபத்திநாலு கிராம் சரக்கு.
புரதத்தை இன்னும் ஏற்றவே இல்லை.

சிரிப்பு வரவில்லை எனக்கு.
ஒரே மூட்டையை இரண்டு தரம் ஏற்றியதற்குத்தான்
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த
இருதயசாமி வீட்டுக்குப் போனார்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.
கீழ் வரி கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றது,
வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளை மாதிரி.
அதன் முன்னால் எறும்பெழுத்தில் ஒரு வார்த்தை.
தமிழில் சொன்னால்: அதில்.

எழுபது. அதில் இருபத்திநாலு.
தனி மூட்டை இல்லை.
மூட்டைக்குள் நனைந்த இலை.

பிறகு அந்தச் சொல் என்னை விடவில்லை.
பாலில் யாரும் போடாத சர்க்கரை இருக்கிறது,
கேரட்டிலும்.
போட்ட சர்க்கரைக்கு இன்னும் உள்ளே தள்ளி ஒரு வரி,
அதிலும் அதில்.
மாதத் தவணை ஆறாயிரம், அதில் வட்டி நாலாயிரத்துச் சொச்சம்.
வீட்டில் நான்கு பேர்,
அதில் பேசுகிறவர் ஒருவர்.

வர்க்கிக்கு மட்டும் முதுகே கிடையாது.
செய்தித்தாளில் சுற்றித் தருவான் ஜபமணி.
"வனஸ்பதி எவ்வளவு போடுறே?"
"கையளவுதான் அக்கா."
அவன் கையைப் பார்த்தேன்.
அந்தக் கைக்குள் என் இரண்டு கையும் அடங்கும்.

நேற்று விடியலிலிருந்தே மழை.
பெள்ளிராஜின் மூட்டை சொட்டிக்கொண்டே ஏறியது.
இத்தனை வருஷமும் கழித்ததுபோக நின்ற எண்ணை மட்டும்
சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுப்பேன்.
நேற்று ஏனோ இரண்டு வரி எழுதினேன்:
மொத்தம் முப்பத்தொன்று.
உள்ளே தள்ளி, அதில் தண்ணீர் மூன்று.

தொப்பியிலிருந்து நீர் வடிய வடிய
சீட்டையே பார்த்தார்.
"மூணுதானா? நான் அஞ்சுன்னு நெனச்சிருந்தேன்
இவ்வளவு நாளும்."
முறைக்கவில்லை.
கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார்,
பாதி நமுத்த வர்க்கி.

ஒன்றை வாங்கித் தின்றேன்.
விரலில் பளபளத்தது.
பில் தராசில் இன்னொன்றை வைத்துப் பார்த்தேன், இருபத்தெட்டு கிராம்.
கார்போஹைட்ரேட், குத்துமதிப்பாக ஒன்று.
கொழுப்பு, குத்துமதிப்பாக ஒன்று.
அதற்குக் கீழே கட்டம் திறந்தபடி நிற்கிறது,
ஜபமணியின் கையை
அதில் எந்த எண்ணாக எழுத?

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.
அடுத்த மூட்டை.