இருபத்திரண்டு வண்டிகள்

வருகைப் பதிவேட்டில் அவர் எழுதியது:
எலிபாரிகி மசாவே, தான்சானியா, ஓட்டுநர்.
நோக்கம் என்ற கட்டத்தில்
'மகன், ஒன்பது வயது, இதயம், வால்வு' என்று எழுத
இடம் போதாமல்
அடுத்தவர் கட்டத்துக்குள் இறங்கியது பேனா.

காந்தி ரோட்டு லாட்ஜில் பதினோரு வருடமாக
இரவு வேலை எனக்கு.
ஊரையும் உறுப்பையும் சேர்த்துத்தான்
ஆட்களை நினைவில் வைப்பேன்:
அசாம் சிறுநீரகம், கல்கத்தா முதுகுத்தண்டு,
அகர்தலா கண்.
எலியில் தொடங்கும் பெயரோடு ஒருவர்
சிங்கம் காட்டிப் பிழைக்கிறார் என்பது
மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

வாடகைக்கு எடுத்த ஸ்டவ்வில்
மக்காச்சோள மாவு கிளறுவார்.
அதற்காக நேதாஜி மார்க்கெட்டை
இரண்டு முறை சுற்றியிருந்தார்.
கிளறிக்கொண்டே சொல்வார்:
கூரை திறக்கும் ஜீப்,
கழுத்தில் கேமரா தொங்கும் ஏழு பேர்,
'சிங்கம் எத்தனை மணிக்கு வரும்?' என்று
அதில் ஒருவராவது கேட்பது.
'எஞ்சினை அணைப்பேன்.
என் வேலையில் பாதி அதுதான்.'

ஒரு மாலை கோட்டை அகழியோரம் போனோம்.
முன்பு இதில் முதலைகள் இருந்தனவாம் என்றேன்.
அவ்வளவுதான்.
பொரி விற்பவர் கடை கட்டிப் போகும்வரை
பிளாஸ்டிக் குப்பிகளுக்கு நடுவே
குமிழி தேடிக்கொண்டு நின்றார்.
நான் கொசு அடித்துக்கொண்டிருந்தேன்.

அறுவை நடந்த அன்று
இரவு பத்து மணிக்குத் திரும்பினார்.
சாவி வாங்கவில்லை.
'ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருந்தால்
இருபத்திரண்டு வண்டிகள் சூழ்ந்துவிடும்.
அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.
கிட்டப் போகாதே என்று
மற்ற ஓட்டுநர்களைத் திட்டுகிறவன் நான்.
இன்று அந்தக் கதவு திறந்து
டாக்டரம்மா வெளியே வந்தார்.
எல்லாரும் ஓடினோம்.
அதே மாதிரி முகத்தைத் திருப்பினார்.
இன்று முதல் வண்டி
நான்தான்.'

பையன் எப்படி என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.
அவரும் சொல்லவில்லை.
மின்விசிறி மட்டும் சொடக்குப் போட்டபடி சுற்றியது.

இரண்டு மணிக்கு என் போன் அடித்தது.
அவர் போன் என்று நினைத்து எழுந்து நின்றார்.
பேரணாம்பட்டிலிருந்து அக்கா வீட்டுக்காரர்:
'கரும்புல பூந்துட்சிபா, மூணோ நாலோ தெரில.'
தகரம் தட்டும் சத்தம், வெடி,
இடையில் ஒரு பிளிறல்.

காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.
'குட்டி இருக்கிறது. வெடி வேண்டாமென்று சொல்லுங்கள்.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது.
உங்கள் யானையைப் பார்க்க டாலர் கொடுக்கிறார்கள் சார்,
எங்கள் யானை
போன வருடம் முக்கால் ஏக்கரை மிதித்ததற்கு
இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.
தமிழில்தான் சொன்னேன்.
எந்த இடத்தில் புரிந்ததோ, தலையாட்டினார்.
பிறகு அவருடைய ஊரில்
வாழைத்தோப்பு ஒன்று போன கதையை
ஸ்வாஹிலியில் சொன்னார் என்று நினைக்கிறேன்.
'டெம்போ, டெம்போ' என்றார்.
லாரியைச் சொல்கிறாரோ என்று குழம்பினேன்.
அவர்கள் மொழியில் அது யானை.

விடியும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு.
படிகளை மூன்று மூன்றாகத் தாண்டி ஓடினார்.
கணக்கில் பாக்கி இருந்தது. நான் கேட்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து
அறையைக் காலி செய்தார்கள்.
சட்டைப் பொத்தானுக்கு மேலே
எட்டிப் பார்த்தது பிளாஸ்திரி.
அப்பாவின் பைனாகுலரை
தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
வரவேற்பு மேசையையே பார்த்தான் பையன்.
என்னவோ சொன்னான்.

என்ன என்று கேட்டேன்.
மசாவே ஸ்டவ்வுக்கான முன்பணத்தை
எண்ணிக்கொண்டே சொன்னார்:
'ரொம்ப தூரத்தில்
ஒரு ஆள் இருக்கிறாராம்.
அசையவே இல்லையாம்.'

ரசீதைக் கிழிக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.