குறிப்பு என்ற கட்டம்

தைப்பூசத்துக்கு மறுநாள்.
மேட்டூரை மூடி ஒரு வாரமாகிறது.
அரிச்சந்திரா நதியில் தண்ணீர்
மேற்கே போய்க்கொண்டிருந்தது.
ஓதம் ஏறும் நேரம்.
பொய் சொல்லாதவன் பேரை வைத்துக்கொண்டு
கடலைத் தன் தண்ணீர் என்று
ஊருக்குள் கூட்டி வருகிறது ஆறு.

பாலத்திலிருந்து வாளியை இறக்கினேன்.
எடுக்கிற தண்ணீராலேயே
மூன்று முறை குப்பியை அலச வேண்டும்.
நான்காவதுதான் மாதிரி.
பனிக்கட்டி மீன் ஏலக்கூடத்தில் வாங்கியது;
பெட்டி முழுக்கச் சூடை வாசம்.
மூக்கைப் பொத்திக்கொண்டுதான்
ஆய்வகத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

அடுத்தது கைபம்பு, எண் பதினேழு.
வைரக்கண்ணு வீட்டுக் கொல்லை.
குழாயில் தேங்கியது போகட்டும்,
பத்து நிமிடம் அடித்துக் கொட்டுங்கள் என்றேன்.
"நல்ல தண்ணி வர்ற வரைக்கும்னா
பொங்கலுக்குத் தொடங்குனது
தீவாளிக்கும் முடியாது" என்றாள்,
அடிப்பதை நிறுத்தாமல்.

மீட்டரின் முனையை முக்கினேன்.
எண்கள் ஓடின, தயங்கின,
நாலாயிரத்து இருநூற்றுப் பத்தில் நின்றன.
போன தையில் இதே பம்பு
ஆயிரத்து அறுநூறு.
"என்ன சொல்லுது?"
நான் சொல்லக் கூடாது.
"அறிக்கை வரும். மூணு மாசம் ஆகும்."
"எங்க வீட்டுல தொவரம்பருப்புதாங்க அறிக்கை.
மார்கழியோட வேகறத நிறுத்திருச்சு."

மிச்சத் தண்ணீரைச் செவலைப் பசுவின் முன் வைத்தாள்.
அது முகத்தை இறக்கியது.
மூச்சுப் பட்டு
வாளிக்குள் ஒரு வட்டம் எழுந்து விரிந்தது.
பிறகு தலையைத் திருப்பிக்கொண்டது.
என் கருவியைவிட
இரண்டு நொடி முந்தி.

படிவத்தில் கடைசிக் கட்டம்: குறிப்பு.
ஏழு வருடமாக அதில்
'ஒன்றுமில்லை' என்றே எழுதி வருகிறேன்.
அரை அங்குல இடம்.
நுணுக்கி எழுதினேன்:
மாடு குடிக்கவில்லை.

கிளம்பும்போது டீ கொண்டு வந்தாள்.
கையில் வாங்கி வைத்துக்கொண்டே நின்றேன்.
"லாரித் தண்ணிதான், பயப்படாம குடிங்க."
எந்த ஊர் போரில் ஏற்றியது
என்று அவள் கேட்டதில்லை.
என் பட்டியலிலும் அந்த போர் இல்லை.

டீ இனிப்பாகத்தான் இருந்தது.
நிறையச் சர்க்கரை.

பெட்டியில் ஒரு குப்பி மிச்சமிருந்தது.
லாரி எத்தனை மணிக்கு வரும்
என்று கேட்டேன்.