ஐப்பசி எல்லை

பதிவேட்டில் இது புன்செய்.
குறிப்புக் கட்டத்தில்: தரிசு.
எழுதியவர் மாசியில் வந்திருக்க வேண்டும்,
காலில் பூட்ஸோடு, மத்தியானத்தில்,
கோத்தகிரிக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்.

நான் வந்தது ஐப்பசி.
ஹுல்லட்டிக்குக் கீழே, தேயிலை முடியும் இடத்தில்
சங்கிலியை விரித்தேன்.
மூன்றாவது எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில்
கோரை நின்றது.
கடப்பாரையை இறக்கினேன். இறங்கியது.
இன்னும் இறக்கினேன்.
கல்லில் படும் சத்தம் வரவேயில்லை.
அரசாங்கத்தின் கல்லை, அம்புக்குறியோடு,
எந்த மனுவும் போடாமல்
மெதுவாக விழுங்கியிருக்கிறது புன்செய்.

நான் ராமநாதபுரத்துக்காரி.
எங்கள் பக்கம் தண்ணீரே வராத கண்மாய்க்கும்
பதிவேட்டில் பெயர் உண்டு, கரை உண்டு, மடை உண்டு.
இங்கே கணுக்கால் வரை நனைந்து நிற்கிறேன்,
பெயரெழுத ஒரு கட்டம் இல்லை.
நன்செய் என்றால் நெல் எங்கே என்பார்கள்,
ஏரி என்றால் கரை எங்கே.
கால் வைத்த இடமெல்லாம்
பிழிந்த துணிபோல் குளிர்ந்த நீர் கசிகிறது.
பாசிக்கு நடுவே அழுகண்ணி,
இலைக்கொரு கொசுவைப் பிடித்துக்கொண்டு
துளித்துளியாய் மினுங்குகிறது.
அதற்கும் பட்டா இல்லை.

பஞ்சாயத்தில் வரைபடத்தை விரித்தபோது
அந்த இடம் மஞ்சள்.
மஞ்சள் என்றால் குடியிருப்பு.
இருபத்திரண்டு மனை, நடுவில் ஒரு பூங்கா,
பூங்காவில் செயற்கைக் குளம்.
யாரோ சிரித்தார், பிறகு இருமலாக்கிக்கொண்டார்.

தண்ணீர் திறந்துவிடும் கேத்தொரை எழுந்தார்.
நீளமாகப் பேசத் தெரியாது அவருக்கு.
"கேரட்டுக்கு வாய்க்கா வெட்டி அந்தத் தண்ணிய வடிச்சாங்க, எட்டு வருஷம் ஆச்சு.
முன்ன தொட்டி நிறைய ஒரு மணி நேரம்.
இப்ப ராத்திரி பூரா.
பங்குனியில வால்வைத் திருகினா காத்துதான் வருது.
காத்துக்கும் வரி போடுவீங்களா?"
உட்கார்ந்துவிட்டார்.

கெங்கி எழுந்தாள். வாய்க்கால் வெட்டியவள்.
"நாப்பது சென்ட் எனக்கு. பாதி அந்தச் சேறு.
அதை நீங்க நீலமாக்கிட்டா
எம் மக எங்க வீடு கட்டுவா? வரைபடத்துலயா?"

யாரும் பதில் சொல்லவில்லை.
நானும்.
அந்தக் கேள்வியையும் குறிப்பில் எழுதச் சொன்னேன்.
எழுதினார்கள். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தீர்மானம் நிறைவேறியது, மூன்று கை வித்தியாசத்தில்.
கெங்கியின் கை எந்தப் பக்கம் என்று
நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை.
கோப்பு ஊட்டிக்குப் போய்
உறைபனி முடிந்தபின் திரும்பி வந்தது,
ஓரத்தில் சிவப்பு மையோடு:
'ஈரப் பரப்பு மாதத்துக்கு மாதம் மாறுகிறது.
எந்த மாதத்து எல்லை?'

நியாயமான கேள்வி.
மாசியில் போனேன். பூட்ஸோடு. மத்தியானம்.
மேல்தோல் காய்ந்து
ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் கிடந்தது நிலம்.
யார் வந்தாலும் புன்செய் என்றுதான் எழுதுவார்கள்.
காட்டுமாடு மிதித்த குழிகளில் மட்டும்
உள்ளங்கையளவு தண்ணீர்.

பள்ளிக்கூடத்தில் உயரம் அளக்கும்போது
நிமிர்ந்து நில் என்பார்கள்,
குதிகாலைச் சுவரோடு ஒட்டச் சொல்லி.
காய்ச்சலில் சுருண்டு படுத்திருக்கும் பிள்ளைக்கு
யாரும் உயரம் குறிப்பதில்லை.

பதில் எழுதினேன்:
ஐப்பசி. அதற்கு வெளியே முப்பது மீட்டர்.
அலுவலக வண்ண அட்டவணையில் அதற்கு வண்ணம் இல்லை,
என் மகனின் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு நீலத்தை
எடுத்துத் தீட்டினேன், கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம்.

மூன்றாவது கல் இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார்கள்.
இருக்கிறது.
இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.